‘எனக்கு நிரூபணம் உண்டு’ என்று சொல்லும் வாக்கியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1952-ல் ‘ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்’ இதழில் ஒரு சின்னக் கேள்வி வெளியானது. கேட்டவர் லியோன் ஹென்கின். ஓர் எண்கணித அமைப்பை, அதாவது எண்களைப் பற்றிய சில அடிகோள்களும் (நிரூபிக்காமல் ஏற்கும் தொடக்க வாக்கியங்கள்) அவற்றிலிருந்து நிரூபிக்கும் விதிகளும் கொண்ட ஒன்றை, எடுத்துக்கொண்டு, அதற்குள் ‘எனக்கு இந்த அமைப்பில் நிரூபணம் உண்டு’ என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்றைக் கட்டுவோம். அதற்கு உண்மையிலேயே நிரூபணம் இருக்கிறதா, இல்லையா?

அந்த ஒரு வாக்கியம் பிறகு எங்கெங்கே போய் நின்றது என்பதைத்தான் இங்கே பின்தொடரப் போகிறோம். ஓர் அமைப்பு தன்னைத்தானே எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பின்னணி

1931-ல் குர்ட் கோடல் இதற்கு நேர் எதிரான வாக்கியத்தைக் கட்டியிருந்தார்: ‘எனக்கு நிரூபணம் இல்லை’. வாக்கியங்களுக்கும் நிரூபணங்களுக்கும் எண்களைக் கொடுத்துவிட்டால், எண்களைப் பற்றிப் பேசும் மொழியிலேயே நிரூபணங்களைப் பற்றியும் பேசலாம். அப்புறம் ஒரு வாக்கியம் தன் எண்ணையே குறிப்பிடும்படி செய்வது கொஞ்சம் கைவேலைதான். கோடலின் வாக்கியத்துக்கு என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பது எளிது. அதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டால், ‘நிரூபணம் உண்டு’ என்பதையும் அமைப்பு நிரூபித்துவிடும், ‘இல்லை’ என்பதையும் நிரூபித்துவிடும். முரணற்ற அமைப்பில் அது நடக்காது. ஆகவே நிரூபணம் இல்லை. வாக்கியம் சொல்வதும் அதைத்தான்.

ஹென்கினின் வாக்கியத்தை இப்படி மடக்க முடியாது. நிரூபணம் உண்டு என்று வைத்துக்கொண்டாலும் முரண் வராது, இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உடனே எதுவும் உடையாது. ‘இந்த வாக்கியம் உண்மை’ என்ற பழைய விளையாட்டு வாக்கியம் போலத்தான் தெரிகிறது. அதை உண்மை என்று சொன்னாலும் சரி, பொய் என்று சொன்னாலும் சரி, இரண்டையும் ஏற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஹென்கின் வாக்கியமும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு தவறாகப் போனதுதான் இந்த நிகழ்வின் மையம்.

முதல் பதில்: ‘எந்த நிரூபணம்?’

1953-ல் ஜார்ஜ் கிரைசல் பதில் எழுதினார். கேள்வியே இன்னும் முழுசாகக் கேட்கப்படவில்லை என்பது அவர் வாதம். ‘நிரூபணம் உண்டு’ என்பதை எண்கணிதத்தில் எழுத ஒரே ஒரு வழி இல்லை. எழுதும் விதத்தைப் பொறுத்து ஹென்கின் வாக்கியம் தேற்றமாகவும் ஆகலாம், மறுக்கப்படவும் செய்யலாம் என்று இரண்டையும் கட்டிக் காட்டினார்.

இதன் உத்தி கொஞ்சம் குறும்பானது. வழக்கமான ‘நிரூபணம் உண்டு’ என்ற வரையறையோடு ‘ஆனால் அது இந்த வாக்கியம் அல்ல’ என்று ஒரு வாலை ஒட்டுங்கள். அந்த வரையறையை வைத்துத் தன்னைப் பற்றிப் பேசும் வாக்கியம், ‘எனக்கு நிரூபணம் உண்டு, ஆனால் நான் நானல்ல’ என்று சொல்வதாக ஆகிவிடும். அது வெளிப்படையான பொய், ஆகவே அமைப்பு அதை மறுத்துவிடும். மறுத்துவிட்டதால், முரணற்ற அமைப்பில் அதற்கு நிரூபணம் கிடையாது. கிடையாது என்றால், நாம் ஒட்டிய வால் தேற்றங்களின் பட்டியலிலிருந்து எதையும் உண்மையில் நீக்கவில்லை! புது வரையறையும் பழைய வரையறையும் அதே தேற்றங்களைத்தான் சுட்டுகின்றன. ‘அல்லது அது இந்த வாக்கியம்’ என்று வாலை மாற்றி ஒட்டினால், வாக்கியம் சுலபமாக நிரூபணமாகிவிடும். அங்கேயும் பட்டியல் மாறாது.

இதை வெறும் குதர்க்கம் என்று ஒதுக்கத் தோன்றும். நான் ஒதுக்க மாட்டேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரியும் இரண்டு வரையறைகள், அமைப்பு தன்னைத்தானே பார்க்கும்போது வேறுவேறாக நடந்துகொள்கின்றன. தன்சுட்டில் எதைச் சுட்டுகிறோம் என்பதோடு, எந்த விவரிப்பு வழியாகச் சுட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும். இது கடைசியில் மறுபடி தேவைப்படும்.

இரண்டாவது பதில்: லோப்

மார்ட்டின் லோப் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்தவர். வந்த இடத்தில் ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து, 1940-ல் டுனேரா கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே முகாமில் உடன் அடைபட்டிருந்தவர்களிடம்தான் கணிதம் படித்தார் என்பார்கள். ஹென்கினின் கேள்விக்கு அவர் எழுதிய விடை 1955-ல் அதே இதழில் வந்தது.

கிரைசலின் வால்களை அவர் முதலில் வெட்டினார். ‘நிரூபணம் உண்டு’ என்பதற்கான வரையறை நியாயமானதாக இருக்க வேண்டுமானால் மூன்று குணங்கள் வேண்டும் என்றார். இனி □ என்ற பெட்டியை ‘நிரூபணம் உண்டு’ என்றும், → என்ற அம்பை ‘என்றால்’ என்றும் படித்துக்கொள்வோம். ஒன்று, ‘அ’வை அமைப்பு நிரூபித்தால் □அ என்பதையும் நிரூபிக்க வேண்டும். இரண்டு, □(அ → ஆ), □அ இரண்டும் இருந்தால் □ஆ வரும் என்பது அமைப்புக்கே தெரிந்திருக்க வேண்டும். மூன்று, □அ என்றால் □□அ என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹில்பர்ட்டும் பெர்னேஸும் 1939-ல் வைத்திருந்த நிபந்தனைகளைச் சுருக்கியதுதான் இது. ‘ஆனால் இந்த வாக்கியம் அல்ல’ என்ற வால் இரண்டாவது நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றும் இருந்தால் ஹென்கினின் வாக்கியம் தேற்றம்தான் என்று லோப் காட்டினார். அந்த வழிமுறை இன்னும் பொதுவான ஒன்றையும் நிரூபிக்கிறது என்பதை, கட்டுரையை மதிப்பிட்ட ஹென்கினே கவனித்துச் சொன்னதாகத் துறையின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவரே விடையின் முழு அளவையும் பார்த்தார் என்பது அழகான விஷயம். அந்தப் பொது வடிவம் இது: ‘□அ → அ’ என்பதை அமைப்பு நிரூபித்தால், அது ‘அ’வையே நிரூபித்துவிடும்.

நிரூபணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எல்லா விபரீதமும் அதில்தான் இருக்கிறது. ‘எனக்கு நிரூபணம் இருந்தால் அ’ என்று சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கட்டுங்கள். அதை ‘ச’ என்போம். ‘ச’வுக்கு நிரூபணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ‘□ச → அ’ என்பதற்கு நிரூபணம் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது குணத்தால் ‘□ச’ என்பதற்கும் நிரூபணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘அ’வுக்கு நிரூபணம் இருக்கிறது. ஆக, □ச என்றால் □அ. இதுவரை நம்பிக்கை எதையும் பயன்படுத்தவில்லை, வெறும் கணக்குதான். இப்போது கையில் இருக்கும் ‘□அ → அ’வை இதோடு சேர்த்தால், □ச என்றால் அ. ஆனால் ‘ச’ சொல்வதே அதுதான்! ஆக ‘ச’வை நிரூபித்தாயிற்று. நிரூபித்ததால் □ச. அதனால் அ.

ஹென்கின் வாக்கியம் ‘அ’ என்பது □அ-வுக்குச் சமமானது. ஆகவே ‘□அ → அ’ இலவசமாகக் கிடைக்கிறது, ‘அ’ தேற்றமாகிறது. ‘இந்த வாக்கியம் உண்மை’ என்பது அந்தரத்தில் தொங்க, ‘எனக்கு நிரூபணம் உண்டு’ என்பது தரையில் நிற்கிறது.

நம்பிக்கை என்ற கோணம்

‘□அ → அ’ என்பதை நிதானமாகப் படித்தால், அது தன்னம்பிக்கையின் வாக்கியம். ‘நான் நிரூபித்தால் அது உண்மையாகத்தான் இருக்கும்.’ நிரூபிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு இதைச் சொல்லக்கூடாதா? எல்லா ‘அ’வுக்கும் பொதுவாகச் சொல்லக்கூடாது என்கிறார் லோப். ஏற்கெனவே நிரூபித்து முடித்தவற்றைப் பற்றி மட்டும் சொல்லலாம். அதாவது, தன்மேல் வைக்கும் நம்பிக்கை எங்கே தேவையே இல்லையோ அங்கேதான் அதற்கு அனுமதி.

‘அ’வுக்குப் பதில் ‘0 = 1’ என்று வையுங்கள். ‘0 = 1 என்பதை நான் நிரூபித்தால் 0 = 1’ என்பது ‘நான் 0 = 1 என்று நிரூபிக்க மாட்டேன்’ என்பதற்குச் சமம். அது தன் முரணின்மைக்கான உறுதிமொழி. அதை அமைப்பு நிரூபித்தால் 0 = 1 என்பதையே நிரூபித்துவிடும். கோடலின் இரண்டாவது தேற்றம் இப்படி ஒரு வரியில் விழுகிறது.

பெட்டியை ‘நான் நம்புகிறேன்’ என்று மாற்றிப் படித்தால் விஷயம் இன்னும் விசித்திரமாகிறது. அந்த மூன்று குணங்களும் உள்ள, ‘ச’ போன்ற வாக்கியங்களைக் கட்டத் தெரிந்த ஒரு சிந்தனையாளரிடம், ‘உன்னால் முடியும் என்று நீ நம்பினால் உன்னால் முடியும்’ என்று ஒருவர் சொல்கிறார். அவரும் அதை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்ட கணமே, தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு அவர் தர்க்கப்படி வந்து சேர்ந்துவிடுவார். மேடையில் பேசுபவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருக்கலாம். ஆனால் அதே ஆள் ‘நான் எதை நம்பினாலும் அது உண்மை’ என்று பொதுவாக ஏற்றுக்கொண்டால், 0 = 1 உட்பட எல்லாவற்றையும் நம்ப ஆரம்பித்துவிடுவார். மனிதர்களுக்கு இது நடப்பதில்லை. அதற்கு நம் பணிவு காரணமில்லை. நம் நம்பிக்கைகள் இரண்டாவது, மூன்றாவது குணங்களை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை, அவ்வளவுதான். நமக்கு வேண்டாதபோது நாம் முடிவுகளை எடுப்பதை நிறுத்திக்கொள்கிறோம். அதனால் லோப் தேற்றத்தை வைத்து மனித மனத்தைப் பற்றிப் பெரிய தீர்ப்பு சொல்பவர்களிடம் எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை.

1976-ல் ராபர்ட் சோலோவே இந்தப் பகுதிக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். பெட்டியைப் பற்றி பியானோ எண்கணிதம் (எண்கணிதத்துக்கான வழக்கமான அடிகோள் அமைப்பு) தன்னளவில் நிரூபிக்கும் பொது விதிகள் அனைத்தையும், லோப் தேற்றத்தையே அடிகோளாகச் சேர்த்த ஒரு சிறிய மோடல் தர்க்கம் (பெட்டி போன்ற குறிகளுக்கான தர்க்கம்) முழுமையாகப் பிடித்துவிடுகிறது. எந்த வாக்கியம் அதில் தேற்றம் என்பதைக் கணினி கொண்டு தீர்மானிக்கவும் முடியும்.

நம்பிக்கையை வெளியே தேடினால்

சரி, தனக்குத்தானே சான்றிதழ் கொடுக்க முடியாது, வேறொன்று கொடுக்கலாமே? கொடுக்கலாம். ‘பழைய அமைப்பு முரணற்றது’ என்பதை அடிகோளாகச் சேர்த்துப் புது அமைப்பு கட்டலாம், அதற்கு மேல் இன்னொன்று. 1939-ல் ஆலன் டூரிங் இந்தப் படிக்கட்டை முடிவிலிக்கு அப்பாலும் நீட்டிப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட எளிய வகையைச் சேர்ந்த எந்த உண்மையையும், முடிவிலிக்கு ஒரு படி தாண்டியதுமே நிரூபித்துவிடலாம் என்று கண்டார். கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் சரியான படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். எது சரியானது என்று தெரிந்துகொள்ள, நிரூபிக்க விரும்பிய உண்மையே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை ஒழியவில்லை, படிக்கட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. சாலமன் ஃபெஃபர்மேன் 1962-ல் இன்னும் வலிமையான படிகளை வைத்து எண்கணித உண்மைகள் அனைத்தையும் எட்டிக் காட்டினார். அங்கேயும் இதே கதைதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது ரோஹித் பரிக் 1971-ல் காட்டியது. ‘□அ → அ’ என்பதை வாக்கியமாகச் சேர்க்காமல், ஒரு விதியாகச் சேர்ப்போம்: □அ என்று நிரூபித்துவிட்டாயா, அ என்று எழுதிக்கொள். இந்த விதியால் புதிய தேற்றம் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் சில தேற்றங்களின் நிரூபணங்கள் மலைக்க வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். தன்னை நம்புவதாக அறிவிப்பது வேறு, நம்பி நடப்பது வேறு. லோப் தடுப்பது முதலாவதைத்தான்.

நிரூபணங்களைச் சரிபார்க்கும் நிரல்களில் இந்த வேறுபாடு நடைமுறைக்கு வருகிறது. ஒரு சரிபார்ப்பு நிரல் தன்னைவிட வேகமான புதிய பதிப்புக்கு மாற விரும்புகிறது. ‘புதியது ஏற்பதெல்லாம் உண்மை’ என்று அது நிரூபிக்கப் போனால், அதில் ‘நான் ஏற்பதெல்லாம் உண்மை’ என்பதும் அடங்கிவிடும், லோப் வழிமறிப்பார். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் செயற்கை அறிவுக்கு இதே தடை உண்டு என்று எலியேசர் யுட்கோவ்ஸ்கியும் மார்செல்லோ ஹெரஷாஃபும் 2013-ல் எழுதினார்கள். நேரடியாகச் செய்தால், ஒவ்வொரு தலைமுறையும் தன்னைவிடப் பலவீனமான கோட்பாட்டை உடைய வாரிசைத்தான் உருவாக்க முடியும்.

ஆனால் ஜாரட் டேவிஸ் 2009-ல் தன் ஆய்வேட்டுக்காகக் கட்டிய ‘மிலாவா’ அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. எளிதாகப் படித்துப் பார்க்கக்கூடிய சிறிய சரிபார்ப்பு நிரல் ஒன்றிலிருந்து அது தொடங்குகிறது. புதிய பதிப்பு வரும்போது கேட்கப்படும் கேள்வி, ‘புதியது ஏற்பதெல்லாம் உண்மையா’ என்பதல்ல. ‘புதியது ஏற்பதற்கெல்லாம் பழைய முறையிலும் ஒரு நிரூபணம் உண்டா’ என்பது. இதற்கு உண்மையைப் பற்றிய உறுதிமொழி வேண்டாம், அதனால் லோப் குறுக்கே வருவதில்லை. பதில் நிரூபிக்கப்பட்டதும் நிரல் மாறிக்கொள்கிறது. அந்த மாற்றம் ஒரு தேற்றம் அல்ல, ஒரு செயல். பரிக் விதியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தச் செயல் சரிதானா என்பதை வெளியே இருந்துதான் உறுதி செய்ய வேண்டும். மேக்னஸ் மைரீனும் டேவிஸும் வேறொரு நிரூபண அமைப்புக்குள் மிலாவாவின் நம்பகத்தன்மையை இயந்திரக் குறியீடு வரைக்கும் நிரூபித்தார்கள்.

வாக்கியம் மீண்டும் வந்த இடம்

ஹென்கினின் வாக்கியம் கடைசியாகத் தலைகாட்டியது ஆட்டக் கோட்பாட்டில். கைதிகளின் சிக்கலை இரண்டு நிரல்கள் ஆடுகின்றன: இருவரும் ஒத்துழைத்தால் இருவரும் கைவிடுவதைவிட நல்லது, ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் மற்றவரைக் கைவிடுவதே லாபம் என்ற ஆட்டம் அது. ஒவ்வொன்றும் மற்றதன் மூலநிரலைப் படிக்கலாம். ஒத்துழைக்கலாம், கைவிடலாம். ஒன்று மற்றதை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால், மற்றதும் இதை ஓட்டிப் பார்க்கும். இரண்டும் முடிவில்லாமல் சுழலும். பாரஸ், கிறிஸ்டியானோ, ஃபாலன்ஸ்டைன் உள்ளிட்ட அறுவர் 2014-ல் ஆராய்ந்த ‘ஃபேர்பாட்’ வேறு மாதிரி வேலை செய்கிறது: எதிராளி தன்னோடு ஒத்துழைப்பான் என்பதற்கு நிரூபணம் தேடும்; கிடைத்தால் ஒத்துழைக்கும், கிடைக்காவிட்டால் கைவிடும்.

ஃபேர்பாட் தன் நகலோடு ஆடினால்? ‘நான் ஒத்துழைக்கிறேன்’ என்பது ‘நான் ஒத்துழைப்பதற்கு நிரூபணம் உண்டு’ என்பதற்குச் சமம். 1952-ன் வாக்கியமேதான்! யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டும் காத்திருந்து கைவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லோப் தேற்றத்தின்படி இரண்டும் ஒத்துழைக்கும். இரண்டின் மூலநிரலும் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தாலும், விதி ஒன்றாக இருந்தால் போதும்: ‘இருவரும் ஒத்துழைக்கிறோம்’ என்பதை ‘அ’ என்று வைத்தால், □அ → அ எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எப்போதும் கைவிடும் நிரலிடம் ஃபேர்பாட் ஏமாறுவதும் இல்லை, ஏனென்றால் நம்பகமான அமைப்பில் பொய்க்கு நிரூபணம் கிடைக்காது. ஒருவர் தன்னை நம்புவதைத் தடுத்த அதே தேற்றம், இரண்டு அந்நியர்களைச் சேர்த்து வைக்கிறது.

இதில் மயங்கிவிடாமல் இருக்க, விதியைக் கொஞ்சம் தாராளமாக்கிப் பாருங்கள். எதிராளி கைவிடுவான் என்பதற்கு நிரூபணம் கிடைத்தால் மட்டும் கைவிடு, மற்றபடி ஒத்துழை. சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுக்கும் நல்ல மனசுக்காரன். இவன் தன் நகலோடு ஆடும்போது, ‘நான் கைவிடுகிறேன்’ என்பது ‘நான் கைவிடுவதற்கு நிரூபணம் உண்டு’ என்பதற்குச் சமமாகிறது. அதுவும் ஹென்கின் வாக்கியம், அதுவும் தேற்றம். ஆக இரண்டு நல்ல மனசுக்காரர்களும் ஒருவரையொருவர் கைவிடுகிறார்கள். லோப் தேற்றத்துக்கு ஒத்துழைப்பின் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. எதற்கு நிரூபணம் தேடுகிறோமோ அது நடக்கிறது.

நிஜ நிரல் முடிவில்லாமல் தேடிக்கொண்டிருக்க முடியாது என்ற ஆட்சேபத்துக்கு ஆண்ட்ரூ கிரிட்ச் 2019-ல் பதில் தந்தார். நிரூபணத்தின் நீளத்துக்கு ஓர் எல்லை வைத்தாலும், எல்லை போதுமான அளவு பெரிதாக இருந்தால் லோப் தேற்றத்தின் ஒரு வடிவம் நிற்கும், ஒத்துழைப்பும் நிற்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கிரைசல் கிளப்பியதுதான். ஃபேர்பாட்டை எழுதும் ஒருவர், ஒத்துழைப்புக்கான நிரூபணத்தையும் கைவிடுவதற்கான நிரூபணத்தையும் ஒரே சுழலில் தேடி, எது முதலில் கிடைக்கிறதோ அதன்படி நடக்கட்டும் என்று மாற்றிவிடலாம். பார்க்க ஒரு சின்ன மெருகேற்றல். ஆனால் அங்கே □ என்பதன் பொருள் ‘நிரூபணம் உண்டு’ என்பதிலிருந்து ‘மறுப்பு வருவதற்கு முன் நிரூபணம் வருகிறது’ என்று மாறிவிட்டது. ஜே. பார்க்லி ராசர் 1936-ல் கொண்டுவந்த உத்தி அது. அமைப்பு முரணற்றதாக இருக்கும்வரை இரண்டு பெட்டிகளும் ஒரே தேற்றங்களைத்தான் சுட்டும். ஆனால் ராசரின் பெட்டியை வைத்துச் சொன்னால், தனக்கு 0 = 1 கிடைக்காது என்பதை அமைப்பே நிரூபித்துவிடுகிறது. லோபின் மூன்று குணங்களும் இருந்தால் அது முடியாத காரியம். ஆகவே அந்தப் பெட்டியில் ஏதோ ஒரு குணம் இல்லை. அந்த நிரலின் இரண்டு நகல்கள் ஒத்துழைக்குமா என்பதற்கு லோப் இனி உத்தரவாதம் தரமாட்டார். நிரூபணங்களை எந்த வரிசையில் தேடுகிறது என்று மூலநிரலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.